ஆறு போதும், ஏழு வேண்டாம்: கிரீன் பே பேக்கர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மேடிசன், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 24, 2025

அமெரிக்கக் கால்பந்து (என்.எஃப்.எல்.) அணியான பேக்கர்ஸின் பொது மேலாளர் திரு. பிரையன் குட்டகன்ஸ்ட், தலைமைப் பயிற்சியாளர் திரு. மேட் லஃப்ளர் ஆகியோருக்கு வணக்கம்.

வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் உங்கள் 90 ஆட்டக்காரர் பட்டியலை (ரோஸ்டர்) 53 ஆகக் குறைத்தாக வேண்டும். இதில் எனக்கென்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். 2021 கடைசியில் நீங்கள் பங்கு விற்றபோது 300 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கியவன் நான். லாபத்தில் ஒரு காசு வராது, வெளியாருக்கு விற்கவும் முடியாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதலாளிகளில் நானும் ஒருவன் என்று பீற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த முதலாளித் தோரணையில்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்பதும் தெரியும். ஆனால் இங்கே என்னோடு ஆட்டம் பார்க்கும் தமிழ் நண்பர்கள் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்த வருடம் ஏழு வைட் ரிசீவர்களை, அதாவது ஓடிப்போய் எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்களை, வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்சி. நான் ஆறு கட்சி.

அவர்கள் ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2002இல் ஜாவன் வாக்கரை எடுத்த பிறகு, இந்த ஏப்ரல் வரை டிராஃப்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில் ஒரு ரிசீவரைக்கூட எடுக்காத அணி இது. பந்தை எறியும் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் காலம் முழுக்க அதைச் சொல்லியே புலம்பித் தீர்த்தோம். இந்த ஏப்ரலில் டிராஃப்டே நம் லாம்போ மைதானத்து வாசலுக்கு வந்தது. 23ஆவது ஆளாக டெக்சஸ் பல்கலைக்கழகத்து மேத்யூ கோல்டனின் பெயரைப் படித்தபோது வாசலில் நின்ற கூட்டம் போட்ட கூச்சலைத் தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கே காது அடைத்தது. மூன்றாம் சுற்றில் சேவியன் வில்லியம்ஸ் வந்தார். ஏற்கெனவே ரோமியோ டாப்ஸ், ஜேடன் ரீட், டொன்டேவியன் விக்ஸ், மலிக் ஹீத், போ மெல்டன். முழங்கால் தசைநார் கிழிந்து தேறிவரும் கிறிஸ்டியன் வாட்சன் வேறு. கைவிட மனம் வராத பட்டியல்தான்.

மனம் வேறு, கணக்கு வேறு. 53இல் உதைக்கிறவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்கிறவர் ஒருவர். மீதி 50. பந்தை வைத்துத் தாக்கும் அஃபென்ஸுக்குப் பாதி என்றால் 25. குவாட்டர்பேக் இரண்டு, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் மூன்று, மறிக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் நான்கு, முன்வரிசையில் மறிக்கும் லைன்மேன் பத்து: 19 ஆகிவிட்டது. மிச்சம் ஆறு. ஏழாவது ரிசீவர் வேண்டுமென்றால் ஒரு லைன்மேனையோ டைட் எண்டையோ அனுப்ப வேண்டும், இல்லையென்றால் எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸிடம் கை நீட்ட வேண்டும். நம் குவாட்டர்பேக் ஜோர்டன் லவ் இப்போதுதான் இடது கைக் கட்டைவிரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மூன்றாவது குவாட்டர்பேக் வேண்டும் என்ற பேச்சும் எழும். அப்புறம் ஏழு எங்கே?

53 பேரும் ஆட்டத்தன்று சட்டை மாட்டுவதில்லை என்பதை என் நண்பர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். களத்துக்குத் தயாராக 48 பேர்தான், அதுவும் அவர்களில் எட்டுப் பேர் லைன்மேனாக இருந்தால், இல்லாவிட்டால் 47. பெரும்பாலும் ஐந்து ரிசீவர்கள் சட்டை மாட்டுவார்கள். ஆறாமவர் ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) ஓடுகிறவராக இருந்தால் அவரும் சேர்வார். ஏழாமவர் தொப்பியும் ஹூடியுமாகப் பக்கக் கோட்டில் நின்று கைதட்டுவார். கைதட்ட ஒரு ரோஸ்டர் இடமா?

நட்சத்திரம் ஒருவரும் இல்லை, அதனால் எண்ணிக்கையாவது இருக்கட்டும் என்பது அவர்கள் அடுத்த வாதம். போன சீசனில் ரீட் பந்து பிடித்து முன்னேறியது 857 யார்டு, வாட்சன் 620, டாப்ஸ் 601, விக்ஸ் 415. ஆயிரத்தைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. சீசன் முடிந்ததும் நம் ரன்னிங் பேக் ஜாஷ் ஜேகப்ஸே முதல் தர ரிசீவர் ஒருவர் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். உண்மைதான். ஆனால் நடுத்தரமான ஏழு பேரைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு டவான்டே ஆடம்ஸ் வரப்போவதில்லை. அதே சீசனில் டைட் எண்ட் டக்கர் கிராஃப்ட் 707 யார்டு எடுத்தார், ஏழு டச்டவுன் (எண்ட் ஸோன் என்ற எதிர்முனைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது). யார்டுக் கணக்கில் ரீடுக்கு அடுத்து அவர்தான்! பந்தைப் பிடிக்க ஆள் தேடும்போது ரிசீவர் என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தால் இவர் கண்ணில் படமாட்டார். இரண்டு டைட் எண்டை நிறுத்தி ஜேகப்ஸை ஓடவிட்டு, டிஃபென்ஸ் முன்னால் நெருங்கி வந்ததும் தலைக்கு மேல் எறிவதுதானே லஃப்ளர், உங்கள் ஆட்டம்? அந்த அமைப்பில் களத்தில் நிற்கும் ரிசீவர்கள் இரண்டே பேர்.

இந்த இடத்தில் நண்பர்கள் நம் பழைய ரிசீவர் ஜெஃப் ஜேனிஸ் பெயரை எடுப்பார்கள். எப்போதும் எடுப்பார்கள். நானும் அதற்காகத்தான் காத்திருப்பேன்.

2016 ஜனவரி 16, அரிசோனாவில் பிளேஆஃப். ரிசீவர் ஜோர்டி நெல்சன் ஆகஸ்டிலேயே முழங்கால் போய் அந்த வருடம் முழுக்க இல்லை. டவான்டே ஆடம்ஸுக்கு முந்தைய வாரம் காயம். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ரேண்டல் காப் ஒரு கையால் அந்தரத்தில் பந்தைப் பிடித்து விழுந்தவர், நுரையீரலில் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். மிஞ்சியவர்களில் ஒருவர் ஜேனிஸ். ஏழாம் சுற்றில் வந்தவர். அந்த சீசனின் 16 ஆட்டங்களிலும் சேர்த்து அவர் பிடித்தது இரண்டே பந்து. கடைசி நிமிடம், 20-13 என்று பின்தங்கியிருக்கிறோம். நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, 20 யார்டு வேண்டும், நிற்பதோ நம் 4 யார்டுக் கோட்டில். ராட்ஜர்ஸ் எறிந்ததை ஜேனிஸ் பிடித்தார், 60 யார்டு. கடிகாரம் தீரும்போது கடவுளை நம்பி நெடுக எறிந்த ஹெயில் மேரி 41 யார்டு. எண்ட் ஸோனில் இரண்டு பேருக்கு நடுவே எகிறி அதையும் பிடித்தார். மொத்தம் 7 பந்து, 145 யார்டு, இரண்டு டச்டவுன். ஓவர்டைமில் அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் நம் கதையை முடித்தது வேறு விஷயம், அதை இன்றும் பேசப் பிடிக்காது.

பார்த்தாயா, கடைசி ரிசீவரின் அருமை இதுதான் என்பார்கள். அருமைதான். ஆனால் சீசன் முழுக்க இரண்டே பந்து பிடித்த ஒருவரை ஜனவரி வரை ரோஸ்டரில் வைத்திருந்தது எது? பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் நெடிய உதை) உதைத்ததும் ஓரத்திலிருந்து பாய்ந்து ஓடி, எதிரணியில் பந்தைப் பிடிக்கிறவனை முதல் ஆளாகப் போய் அமுக்கும் கன்னர் வேலை. அந்த வேலைக்காகத்தான் அவர் வாராவாரம் சட்டை மாட்டினார். சட்டை மாட்டியிருந்ததால்தான் காப் விழுந்தபோது உள்ளே போக ஓர் ஆள் இருந்தது. பந்து மட்டுமே பிடிக்கத் தெரிந்த ஏழாவது ரிசீவராக இருந்திருந்தால் அக்டோபரிலேயே வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே ஜேனிஸ் என் கட்சி.

ஆள் குறைவால் அணி கவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் கொஞ்சம் மிகையானது. 2010 சீசனில் கோப்பை வாங்கிய நம் அணியில் ரிசீவர்கள் ஐந்து பேர்: கிரெக் ஜென்னிங்ஸ், டொனால்ட் டிரைவர், ஜேம்ஸ் ஜோன்ஸ், நெல்சன், பிரெட் ஸ்வெய்ன். கோப்பைக்கான இறுதியாட்டமான சூப்பர் பவுலில் டிரைவர் முதல் பாதியிலேயே கணுக்கால் காயத்தோடு வெளியேறினார். நெல்சன் 9 பந்து பிடித்து 140 யார்டு எடுத்தார், பிட்ஸ்பர்கை 31-25 என்று வென்றோம். அதைவிடக் கொடுமையான ஓர் ஆட்டம் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வாய்த்தது. 2017 அக்டோபர் 8ஆம் தேதி சார்ஜர்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஓடெல் பெக்கம், பிரண்டன் மார்ஷல், ஸ்டெர்லிங் ஷெப்பர்ட், டுவெய்ன் ஹாரிஸ் நான்கு பேரும் காயம். ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள், கடைசியில் ரோஜர் லூயிஸ் மட்டும் மிச்சம். ஆறாவதோ ஏழாவதோ இருந்திருந்தால் அன்று தாங்கியிருக்குமா? தெரு முழுக்க ஆளை நிறுத்தினாலும் தாங்கியிருக்காது. அந்த ஆட்டம் தோல்விதான். ஆனால் அடுத்த வாரமே டென்வருக்குப் போய் ஓட்டத்தையும் டைட் எண்ட் எவன் எங்ரமையும் நம்பி 23-10 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

நம்மைக் கவிழ்த்தது எது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2015 ஜனவரி, சியாட்டில். சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் நிற்கிறோம். எதிரணி ஆன்சைட் கிக் (தானே திரும்பப் பிடிப்பதற்கான குட்டை உதை) உதைக்கிறது. பின்னால் நிற்கும் நெல்சன் பிடிக்கட்டும் என்று முன்னால் நின்று வழி மறிக்க வேண்டிய பிரண்டன் போஸ்டிக், தானே பிடிக்கப் போய்ப் பந்து தட்டித் தெறித்தது. ஓவர்டைமில் 28-22 என்று தோற்றோம். 2022 ஜனவரி, நம் சொந்த லாம்போவில், பனியில், சான் பிரான்சிஸ்கோ. நம் ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) ஒன்று தடுக்கப்பட்டது. ஒரு பன்ட் தடுக்கப்பட்டு அதுவே டச்டவுன் ஆனது. கடைசி உதையைத் தடுக்க நாம் நிறுத்தியது பதினோரு பேருக்குப் பதில் பத்துப் பேர். 13-10. எதிரணியின் அஃபென்ஸ் அன்று ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை! இந்த ஜனவரியில் பிலடெல்பியா. ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்காஃபையே கீஷான் நிக்சன் கைநழுவவிட, கொஞ்ச நேரத்திலேயே 7-0. 22-10 என்று வீட்டுக்கு வந்தோம். மூன்றிலும் சறுக்கியது ஸ்பெஷல் டீம்ஸ்.

பிலடெல்பியாவில் ரிசீவர்களும்தானே விழுந்தார்கள் என்று கேட்பது சரியான கேள்வி. வாட்சன் முந்தைய வாரமே போய்விட்டார், டாப்ஸ் தலையில் அடிபட்டு வெளியேறினார். ஆனால் அதே ஆட்டத்தில் லைன்மேன் எல்டன் ஜென்கின்ஸ் காயத்தோடு போனதும் லைன் ஆட்டம் கண்டதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். லவ் மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி கைக்குப் போய்ச் சேரும் பந்து) எறிந்த நாள் அது. ஏழாவது ரிசீவரும் பத்தாவது லைன்மேனும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிறவர்கள் என்றால், என் ஓட்டு லைன்மேனுக்கு.

இந்த வருடம் கிக்காஃப் விதியும் மாறியிருக்கிறது. எண்ட் ஸோனுக்குள் உதைத்துத் தள்ளினால் எதிரணி இனி 35 யார்டுக் கோட்டிலிருந்து தொடங்கும். போன வருடம் 30. ஐந்து யார்டு கூடுதலாகத் தாரை வார்க்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. ஆகவே பந்தை உள்ளேயே விழவைப்பார்கள், எதிரணி எடுத்துக்கொண்டு ஓடும், துரத்தி மறிக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இந்த ஓட்டங்கள் கூடத்தான் போகின்றன. ரோஸ்டரின் கடைசி ஐந்தாறு இடங்களின் மதிப்பே இதனால் மாறிவிட்டது. ஆறாவது ரிசீவர் என்பவர் பந்தியில் உட்காரவும் தெரிந்து, ஆள் குறைந்தால் வாளியைத் தூக்கிப் பரிமாறவும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர் உங்களிடம் இருக்கிறார். போ மெல்டன். சியாட்டில் 2022இல் ஏழாம் சுற்றில் எடுத்துப் பயிற்சிக் குழுவில் (53க்கு வெளியே வைத்துக்கொள்ளும் ஆட்கள்) போட்டுவைத்திருந்தவரை நீங்கள்தான் அங்கிருந்து தூக்கி வந்தீர்கள். 40 யார்டை 4.34 விநாடியில் ஓடியவர். 2023இன் கடைசி நாளில் மினசோட்டாவில் அவர் 6 பந்து பிடித்து 105 யார்டு எடுத்தாரே, அந்த சீசனில் நம் ரிசீவர்களில் நூறைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். இந்தக் கோடையில் அவரைக் கார்னர்பேக்காகவும் (எதிரணி ரிசீவரைக் காக்கும் டிஃபென்ஸ்காரர்) ஆடவைத்துப் பார்க்கிறீர்கள். அவர் தம்பி மேக்ஸ் மெல்டன் அரிசோனாவுக்குக் கார்னர்பேக் ஆடுவதால், வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார் என்று நாங்கள் கேலி பேசிக்கொள்கிறோம்.

அதில்தான் எனக்கு ஒரு சந்தேகம். மெல்டனைக் கார்னர்பேக் கணக்கில் எழுதிவிட்டு, காலியாகும் ரிசீவர் இடத்தில் ஹீத்தை உட்காரவைக்கும் யோசனை உங்களுக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. தாளில் பார்த்தால் ஆறு ரிசீவர், ஆறு கார்னர்பேக், எல்லாம் சரி. களத்தில் பார்த்தால் ஏழு ரிசீவர், ஐந்து கார்னர்பேக். கார்னர்பேக் ஜெய்ர் அலெக்சாண்டரை ஜூனில் அனுப்பிய பிறகு அந்தப் பக்கம் ஆள் மிகுந்து கிடக்கவில்லை. டெட்ராய்ட்டுக்கு எதிராக இரண்டு கார்னர்பேக்குகள் விழுந்தால், சில வாரப் பயிற்சியோடு மெல்டன் போய் அவர்கள் ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுனைக் காக்க வேண்டியிருக்கும். அவருக்கும் அது நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. நியூ இங்கிலாந்தில் டிராய் பிரவுன் 2004இல் ரிசீவராக இருந்துகொண்டே கார்னர்பேக்காகவும் ஆடினார், மூன்று இன்டர்செப்ஷனும் எடுத்தார். ஆனால் அங்கே காயத்தால் ஆள் இல்லாமல் போனபிறகுதான் ஆட்டங்களில் அவரை அந்த வேலைக்கு நம்பினார்கள். 

கோல்டன், டாப்ஸ், ரீட், விக்ஸ், வில்லியம்ஸ், ஆறாவதாக மெல்டன். என் பட்டியல் இதுதான். ஹீத் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்து, ஓட்டத்துக்கு வழி மறித்துக் கொடுக்கும் முரட்டு வேலையைச் சிரித்துக்கொண்டே செய்கிறவர். ஆனால் அந்த இடத்துக்கு இருவர் வேண்டாம். உங்கள் முகாமில் இருக்கும் மூத்த ரிசீவர் மிக்கோல் ஹார்ட்மேன் சூப்பர் பவுலின் ஓவர்டைமில் வெற்றிப் பந்தைப் பிடித்தவர் என்பதும் எனக்கு மறக்கவில்லை. அது 2024 பிப்ரவரி, வேறு ஊர்.

ஹீத்தை விட்டால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடுமே என்றால், போகலாம். சான் டியாகோ சார்ஜர்ஸ் 2004இல் ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பிறகு வெளியே அனுப்பிய வெஸ் வெல்கர், பிற்பாடு நியூ இங்கிலாந்தில் மூன்று சீசன்களில் லீக்கிலேயே அதிகப் பந்து பிடித்தவர் ஆனார். இந்தக் கதையைச் சொல்லாத ரசிகனே கிடையாது. அவரை எடுத்துக்கொண்ட மயாமி முதலில் எதற்குப் பயன்படுத்தியது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு! மறுபுறம், செவ்வாயன்று 32 அணிகளும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் வெளியே விடுகின்றன. எல்லாருக்கும் தங்கள் சொந்த 53ஐ ஒப்பேற்றவே நேரம் போதாது. 2019இல் ஆலன் லசார்டை நீங்களே இப்படி விடுவித்தீர்கள், ஒருவரும் தொடவில்லை, மறுநாள் பயிற்சிக் குழுவுக்கு வந்தார், சில நாளில் ரோஸ்டருக்கே ஏறினார், அக்டோபரில் டெட்ராய்ட்டுக்கு எதிராக டச்டவுன் பிடித்தார்.

பயிற்சிக் குழு இப்போது 16 பேர். ஆட்டத்துக்கு இரண்டு பேரை அதிலிருந்து மேலே ஏற்றலாம், ஒருவரை ஒரு சீசனில் மூன்று முறை. ரீடுக்குப் பாதத்தில் வலி, விக்ஸும் வில்லியம்ஸும் முகாமில் நாள்கணக்கில் ஒதுங்கியிருந்தார்கள், முதல் இரண்டு ஆட்டங்களும் ஐந்து நாளுக்குள் வருகின்றன: செப்டம்பர் 7 டெட்ராய்ட், 11 வாஷிங்டன். ஆள் போதாதே என்ற கவலை எனக்கும் உண்டு. இரண்டு வாரக் கவலைக்கு அந்த ஏணி போதும். அதற்காகப் பதினேழு ஆட்டத்துக்கும் ஓர் இடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

வாட்சனை அவசரப்படுத்தாதீர்கள். உடல் தேறாதோர் பட்டியலில் வைத்தால் 53இல் அவர் கணக்கு வராது. குறைந்தது நான்கு ஆட்டம் வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்காவது ஆட்டம் செப்டம்பர் 28, டாலஸில். அடுத்த வாரம் நமக்கு ஓய்வு. அட்டவணை போட்டவர் வாட்சனின் முழங்காலை மனதில் வைத்துத்தான் போட்டாரோ என்னவோ.

அவர் வரும்போது யாரை அனுப்புவது என்பதுதான் உண்மையில் கடினமான முடிவு, செவ்வாய்க்கிழமை முடிவு அல்ல. பெரும்பாலும் அதற்குள் காயமே கணக்கைத் தீர்த்துவிடும். இந்தக் கூட்டம் முழுசாகத் தேறி ஒன்றாக நின்ற நாள் அபூர்வம். அப்படி நடக்காமல் ஆறு பேரும் நலமாக இருந்தால் விக்ஸுக்கு விலை கேட்டுப் பாருங்கள். அவர் கால்கள் செய்கிற வேலையைப் பார்த்தால் எதிரணி கார்னர்பேக் மேல் பரிதாபம் வரும், அப்புறம் பந்து கையில் பட்டு நழுவும். போன வருடம் இதைப் பலமுறை பார்த்தோம். டாப்ஸின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது என்பதற்காக அவரை முதலில் விற்கத் தோன்றும். மூன்றாவது டவுனில் லவ் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஆள் அவர், கை வைக்காதீர்கள். எப்படியானாலும் அன்று வெளியேறுகிறவர் மெல்டனாக இருக்கக் கூடாது. ஸ்பெஷல் டீம்ஸில் ஓடுகிறவனை அனுப்பிவிட்டு வேகமான ஆறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஜனவரியில் என்ன நடக்கும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் ஆறாவது இடம் பேச்சுக்கு வரும்போது, ரிசீவர் பயிற்சியாளரைக் கேட்பதற்கு முன் ரிச் பிஸாச்சியாவைக் கேளுங்கள். 2022 தோல்விக்குப் பிறகு ஸ்பெஷல் டீம்ஸைச் சீர்செய்ய நீங்களே தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவர் அவர். பயிற்சி ஆட்டத்தில் நாலாவது கால்பகுதியில், நாளை வேலை இல்லாமல் போகப்போகும் டிஃபென்ஸுக்கு எதிராக யார் எத்தனை பந்து பிடித்தார்கள் என்ற தாளை அந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

புதன்கிழமை நம் நேரப்படி காலை 11 மணிக்கு வெய்வர்ஸ் கெடு (விடுவித்தவரை வேறு அணி கேட்டு எடுத்துக்கொள்ளும் நேரம்) முடிகிறது. ஹார்ட்மேன் போன்ற மூத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர்களை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். யாரும் கேட்காமல் ஹீத் தப்பினால் 11 மணி ஒரு நிமிடத்துக்கு முதல் போன் அவருக்குப் போகட்டும். பயிற்சிக் குழுவில் அவருக்கு என்ன சம்பளம் கொடுக்க முடியுமோ, அதில் தாராளமாக இருங்கள்.

இப்படிக்கு,
மேடிசன் வாசி ஒருவன்